ஆறில்லாத ஊர்க்காரனுக்கு அணையில் என்ன பேச்சு?

3 நவம்பர் 2024

வாசகர் ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்:

"சிறுபுனல் மின் நிலையங்களைத் தனியாரும் அமைக்கலாம் என்று தமிழக அரசு இந்த வருஷம் கொள்கை வெளியிட்டிருக்கிறது. தண்ணீர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அப்படியே கீழே போய்விடும். ஒரு சொட்டு குறையாது. மலையடிவாரத்து ஊர்கள் எதிர்த்தாலாவது புரிகிறது. ராமநாதபுரம் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஏன் சத்தம் போடுகிறீர்கள்? உங்கள் ஊரில் ஆறே கிடையாதே?"

ஆறு இருக்கிறது தம்பி, தண்ணீர்தான் இல்லை. வைகை 258 கிலோமீட்டர் வந்து, பார்த்திபனூர் மதகணையைத் தாண்டி, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் முடிகிறது. மிஞ்சினால் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் கடலைத் தொடும். மிஞ்சிய வருஷங்களை விரல் விட்டு எண்ணலாம்.

"ஒரு சொட்டு குறையாது" என்பது கடைமடைக்காரன் காலங்காலமாகக் கேட்டுவரும் வசனம். எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்கு அந்தப் பக்கம். கண்மாய்க்கு மூன்று மடை. மேலே இருக்கிற கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு மார்கழி ராத்திரி அப்பாவோடு மடையில் காவல் இருந்தேன். எங்கள் முறை பன்னிரண்டு மணிக்கு. முறைப்படி தண்ணீர் திறந்துவிடும் ஆளான நீர்பாய்ச்சி மேலக்காட்டு மடையை அடைக்க மறந்தாரோ, யாராவது 'மறக்க' வைத்தார்களோ, தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்தபோது விடிந்து கோழி கூவிவிட்டது. முறையும் முடிந்துபோனது. அளவு ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. அவ்வளவு தண்ணீரும் கண்மாயிலிருந்து வெளியே வந்ததுதான். எங்கள் நெல்தான் பொட்டாகப் போனது.

எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் கேட்கிறவன் மடையில் ராத்திரி படுக்காதவன். எப்போது, யார் கையால் என்பதுதான் எங்கள் கேள்வி.

4 நவம்பர்

நேற்று கோபத்தில் எழுதினேன். தண்ணீர் எப்படி மின்சாரமாகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஆற்றுக்குள்ளேயே சக்கரம் சுற்றும் என்று நினைத்தால் தப்பு. மேலே சின்னத் தடுப்பணை. அங்கிருந்து கால்வாயோ சுரங்கமோ வெட்டி, மலைச்சரிவோடு கொண்டுபோய், பெரிய குழாயில் செங்குத்தாக இறக்குவார்கள். கீழே மின் நிலையம், அதற்கப்புறம் மறுபடியும் ஆறு. இறங்கும் உயரம்தான் காசு. நொடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால், இயந்திரத்தில் போகிற நட்டம் போகச் சுமார் 800 கிலோவாட் கிடைக்கும். ஆக, தண்ணீர் திரும்பி வருவது உண்மைதான். எடுத்த இடத்துக்கும் விட்ட இடத்துக்கும் நடுவே இருக்கும் ஆறுதான் காய்ந்து கிடக்கும். அங்கே ஓர் ஊர் இருந்தால், அந்த ஊருக்கு ஆறு இல்லை.

இமாச்சலத்தில் வறட்சிக் காலத்திலும் 15 சதவீதத்தை ஆற்றில் விட வேண்டும் என்று விதி. கங்கைக்கு 2018இல் வந்த அறிவிக்கை, மாதத்தைப் பொறுத்து 20 முதல் 30 சதவீதம் என்கிறது. விதி போட்டவர்களுக்கே தெரிந்திருக்கிறது, விட்டால் ஒன்றும் விடமாட்டார்கள் என்று.

எங்கள் பக்கம் இதெல்லாம் வராது, பயப்படாதீர்கள். பார்த்திபனூருக்குக் கீழே இருக்கிற உயரத்தை ஆட்டுக்குட்டி தாண்டிவிடும்.

9 நவம்பர்

அப்படியானால் உங்களுக்கு என்ன நட்டம் என்று மூன்று பேர் திரும்பவும் கேட்டுவிட்டார்கள். சரி.

மின்சாரத்துக்கு நல்ல விலை சாயங்காலம் விளக்கு வைத்த பிறகுதான். நிலையம் நடத்துகிறவன் பகலில் தண்ணீரைத் தேக்கிவைத்து ராத்திரி நான்கு மணி நேரம் திறப்பான். அவன் கணக்குக்கு அது நியாயம். அந்தத் தண்ணீர் மணல் ஆற்றில் எப்படி வரும் என்று பாருங்கள். காய்ந்த மணலில் முதலில் வருகிற தண்ணீரை மணலே குடித்துவிடும். மணல் நனைந்து, குடித்து முடித்த பிறகு வருவதுதான் நகரும். தொடர்ந்து பத்து நாள் விட்டால் கடைமடைக்கு வரும். அதே தண்ணீரை நாளுக்கு நான்கு மணி நேரம் என்று அறுபது நாள் விட்டால் மானாமதுரை தாண்டுமா என்பதே சந்தேகம். தினமும் மணலுக்குப் புதிதாகத் தாகம் எடுக்கும்.

மொத்தத் தண்ணீர் ஒன்றுதான். சொட்டுக் குறையாத கணக்கு இதுதான் தம்பி.

10 நவம்பர்

ஒரே ராத்திரியில் மாட்டிக்கொண்டேன். தேனி மாவட்டம் லோயர்கேம்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார்: "ஐயா, நீங்கள் சொல்கிற நான்கு மணி நேரத் தண்ணீர் எங்கே வருகிறது? மலையில் எப்படி விட்டாலும் நடுவே வைகை அணை இருக்கிறது. 71 அடி அணை. அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டு, நீர்வளத்துறை திறந்தால்தான் உங்களுக்கு வரும்."

சரிதான். 1959க்குப் பிறகு எங்கள் தண்ணீர் அந்த அணையைத் தாண்டித்தான் வருகிறது. நேற்று எழுதியதில் மணலைப் பற்றிச் சொன்னது நிற்கும். வைகையில் எனக்கு நேரடி நட்டம் என்று சொன்னது நிற்காது. அணையின் காலடியில் 6 மெகாவாட் நிலையம் ஒன்றும் இருக்கிறது, அரசுடையது. பாசனத்துக்குத் திறந்தால் அது ஓடும், இல்லையென்றால் சும்மா கிடக்கும். எனக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். கேரளப் பக்கமிருந்து வைகைக்கு வரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் நான்கு குழாய்களில் இறங்குவதை லோயர்கேம்ப் தாண்டிப் போன எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 100 கன அடிக்கு 9 மெகாவாட் என்பது அங்கே வாய்ப்பாடு. இயந்திரம் ஓடாத நாளில் அதே தண்ணீர் இரைச்சல் பாலம் வழியாக ஓடையில் விழுந்து போகும். பெயரைப் பாருங்கள், காதால் வைத்த பெயர். மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதற்காகப் பாசனத் தண்ணீர் காத்திருக்காது, அதற்கு வேறு வழி இருக்கிறது. இப்படி இருந்தால் எந்த விவசாயியும் நீர்மின்சாரத்தை எதிர்க்கமாட்டான். பாசனம் முன்னால், மின்சாரம் அதன் வால்.

இது சும்மா வந்ததில்லை. 1886 ஒப்பந்தத்தில் திருவிதாங்கூரிடம் 8000 ஏக்கரை 999 வருஷக் குத்தகைக்குச் சென்னை அரசு வாங்கியது பாசனத்துக்கு. அப்புறம் சென்னை அரசு மின்சாரமும் எடுக்கிறேன் என்றபோது திருவிதாங்கூர் எதிர்த்தது. 1941இல் நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜி, உனக்குப் பாசன உரிமைதான், மின்சார உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிறகு பேசிப் பேசி, மின்சாரத்துக்குத் தனியாகப் பணம் தருகிறோம் என்று 1970இல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தண்ணீரை எதற்கு எடுக்கிறாய் என்ற கேள்வி ஒரு அரசு இன்னொரு அரசைப் பார்த்தே கேட்டது. கம்பெனியைப் பார்த்து நாங்கள் கேட்டால் மட்டும் வளர்ச்சிக்கு விரோதியா?

இன்னும் பழசு ஒன்று. அந்தப் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று 1789இல் ஆள் அனுப்பிப் பார்த்தவர் எங்கள் ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்திருளப்ப பிள்ளை. பணம் பத்தாமல் நின்றுபோனது. ஆறில்லாத ஊர்க்காரனுக்கு அணையில் என்ன பேச்சு என்று கேட்டீர்களே, பேச்சை ஆரம்பித்ததே நாங்கள்தான்.

21 நவம்பர்

நேற்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பாம்பனில் மேகம் உடைத்துக்கொண்டு ஊற்றியது. வீட்டுக்குள் தண்ணீர், தெருவில் தண்ணீர், எங்கள் கண்மாயில் முழங்கால் அளவு. "உங்கள் ஊரில் தண்ணீர் இல்லை என்றீர்களே" என்று ஒருவர் படத்தோடு அனுப்பியிருக்கிறார். இதைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர் ஏதாவது இயந்திரம் வைத்திருந்தால் தனியாராக இருந்தாலும் பரவாயில்லை, வரச் சொல்லுங்கள்.

1 டிசம்பர்

மழை நின்றது. தனியார் என்றாலே ஏன் எரிகிறது என்று கேட்டவருக்கு.

உத்தரகண்டில் ரைணி என்று ஓர் ஊர். 1974இல் கௌரா தேவியும் பெண்களும் மரத்தைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றிய அதே ஊர். அதன் காலடியில் ரிஷிகங்கா ஆற்றில் 13.2 மெகாவாட் தனியார் நிலையம். வெடி வைக்கிறார்கள், குப்பையை ஆற்றில் கொட்டுகிறார்கள் என்று ஊர்க்காரர் ஒருவர் 2019இல் உயர் நீதிமன்றம் போனார். 2021 பிப்ரவரி 7 அன்று மேலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழ, அந்த வெள்ளம் நிலையத்தையே துடைத்துக்கொண்டு போனது. 13.2 மெகாவாட். எங்கள் கமுதியில் வெயிலில் காயும் சூரியத் தகடுகள் 648 மெகாவாட். அவ்வளவு சின்னதுக்கு அவ்வளவு பெரிய மலையா?

இன்னொரு கணக்கு. 25 மெகாவாட்டுக்குக் கீழே இருந்தால் 2006 அறிவிக்கைப்படி நீர்மின் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை. ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்பதும் கிடையாது. நம் புதுக் கொள்கை 10 மெகாவாட் வரைதான். அதனால் நல்லது என்கிறார்கள். அதனால்தான் யாரும் நம்மிடம் கேட்கப்போவதில்லை என்கிறேன் நான்.

ரிஷிகங்கா தண்ணீர் போய்ச் சேரும் அலக்நந்தா ஆற்றில், உத்தரகண்டின் ஸ்ரீநகரில் 330 மெகாவாட் தனியார் அணை. 2013 வெள்ளத்தில் அதன் மண்குவியல் ஊருக்குள் வந்து வீடுகளை மூடியது. இயற்கைச் சீற்றம் என்றது கம்பெனி. 2016இல் பசுமைத் தீர்ப்பாயம், மண்ணைக் குவித்தது நீதானே என்று 9.26 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது.

1 டிசம்பர், ராத்திரி

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒன்றைச் சௌகரியமாக விட்டிருக்கிறேன். 2021இல் ரைணிக்குக் கீழே தபோவனத்தில் சுரங்கத்துக்குள் சிக்கிச் செத்தவர்கள் வேலை பார்த்தது தனியாரிடம் இல்லை, மத்திய அரசு நிறுவனத்தின் திட்டம் அது. வெள்ளத்துக்குத் தனியார், அரசு என்று தெரியவில்லை.

இங்கேயும் அப்படித்தான். உப்பூர் அனல் மின் நிலையம், 1600 மெகாவாட், அரசு மின்வாரியத்துடையது. கண்மாய் மறுகால் போகும் ஓடைகள் அடைபடும் என்று விவசாயிகளும், கடலுக்குள் போடும் பாலம் வலைக்கு இடைஞ்சல் என்று மீனவர்களும் சேர்ந்து நின்றார்கள். 2021 மார்ச்சில் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது, அப்புறம் திட்டமே அங்கிருந்து போய்விட்டது. சொந்த அரசைத்தான் எதிர்த்தோம்.

அப்படியானால் தனியாருக்கும் அரசுக்கும் என்னதான் வித்தியாசம்? அரசு அதிகாரியின் மேஜைக்கு முன்னால் போய் நின்று கத்தலாம் என்று எழுத வந்தேன். கத்தி எத்தனை தடவை தண்ணீர் வந்தது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். விளக்கை அணைத்துவிட்டேன்.

12 டிசம்பர்

நேற்றைய தேதிக்காகக் காத்திருந்தேன். 1996 டிசம்பர் 11, இறால் பண்ணை வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கரையிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் பண்ணைகளை, பழைய பாரம்பரிய முறையைத் தவிர, எடு என்றது. விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் குளமாக மாற்றாதே என்றது. வழக்குப் போட்டவர் காந்தியவாதி ஜெகந்நாதன், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்தவர். இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 13, அதே நீதிபதி குல்தீப் சிங்கின் அமர்வு இன்னொரு தீர்ப்புச் சொன்னது. மணாலி பக்கம் ஒரு தனியார் விடுதி தன் கட்டடத்தைக் காப்பாற்ற பியாஸ் ஆற்றையே திருப்பிவிட்ட வழக்கு. ஆறு, கடற்கரையெல்லாம் அரசுக்குச் சொந்தம் இல்லை, மக்களுக்காக வைத்துக் காக்கிறது, அவ்வளவுதான், அதைத் தூக்கித் தனியார் கையில் கொடுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. மலையில் ஆறும் கடலோரத்தில் ஓடையும் ஒரே வாரத்தில், ஒரே மேஜையில்.

நீர்மின்சாரத்துக்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். எனக்கு இந்த விஷயம் புரிந்தது இறாலில்தான்.

தொண்ணூறுகளில் எங்கள் கண்மாயில் மிஞ்சிய தண்ணீர் வழியும் கலுங்குக்குக் கீழே ஒரு பண்ணை வந்தது. பெயர் வேண்டாம். ஓடைப் புறம்போக்கில் கரை போட்டார்கள். கடல் தண்ணீரை மோட்டாரால் ஏற்றினார்கள், அழுக்குத் தண்ணீரை ஓடையிலேயே விட்டார்கள். மூன்றாம் வருஷம் அப்பத்தா, ஊருணிக்குப் பக்கத்துக் கிணற்றில் இறைத்த தண்ணீரை வாயில் வைத்துவிட்டுத் துப்பினார். "கொழம்புக்கு உப்புப் போட வேணாம்டா" என்றார். அந்த மழைக்கு மறுகால் தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் வயலிலேயே ஆறு நாள் நின்று நாற்று அழுகியது. அப்பா தாலுகா அலுவலகத்துக்கு நடந்தார். அளந்தார்கள். ஓடை இருக்கிறது என்று எழுதினார்கள். ஓடை இருக்கிற இடத்தில் கரை இருக்கிறது என்று மட்டும் எழுதவில்லை.

தீர்ப்பு வந்த அன்று ஊரில் வெடி போட்டோம். பண்ணை அதற்குப் பிறகும் இருந்தது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் போட்டு, பதிவு செய்தால் நடத்தலாம் என்றாக்கிவிட்டது. வெடிக்குக் கொடுத்த காசு போனது.

15 டிசம்பர்

கேரளப் பத்திரிகை படிக்கிறவர் ஒருவர் சொன்னார்: பம்பையின் துணையாறான கக்காட்டாற்றில் மணியார் 12 மெகாவாட் நிலையம். ஒரு தனியார் நிறுவனத்துக்கு 30 வருஷத்துக்குக் கொடுத்தது. இந்த மாதத்தோடு முடிகிறது. திரும்பக் கொடு என்கிறது மின்வாரியம், நீட்டித்துக் கொடு என்கிறது நிறுவனம், அங்கே பெரிய சண்டை. குத்தகைக்கு விட்ட வயலைத் திரும்பக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

22 டிசம்பர்

பக்கத்து வீட்டு அக்கா இலங்கையின் தேயிலைத் தோட்ட ஊரான தலவாக்கலையில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டவர். நான் இதையெல்லாம் எழுதுவதைச் சொன்னேன். சிரித்தார்.

அவர் ஊருக்குப் பக்கத்தில் செயின்ட் கிளேயர் அருவி. மேல் கொத்மலைத் திட்டம், 150 மெகாவாட், 2012இல் வந்தது. அரசுத் திட்டம்தான், தனியார் இல்லை. தோட்டத்து மக்கள், சூழல்காரர்கள், அரசியல்வாதிகள் எல்லோரும் வருஷக்கணக்கில் எதிர்த்தார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு: பகலில் அருவிக்குத் தண்ணீர் விடுவோம். "வெளிச்சம் இருக்கும்போது அருவி, இருட்டினா பாறை" என்றார் அக்கா. அவருடைய தங்கை மகன் போனில் சொன்னதாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்க்க வருகிறவனுக்காக அருவி, ஊர்க்காரனுக்கு ராத்திரி. மீன் மணி பார்த்தா நீந்தும்?

5 ஜனவரி 2025

"வளவளவென்று போகிறது, கடைசியில் வேண்டுமா வேண்டாமா?" இதைக் கேட்டவர் முதலில் கேள்வி கேட்ட அதே தம்பி.

ஏற்கெனவே இருக்கும் அணையின் காலடியில், பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரில், திறப்பு யார் கையிலோ அவர் கையிலேயே இருக்கும்படி யார் சக்கரம் வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. தனியார் என்றாலும்தான். நவம்பரில் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்கமாட்டேன். புது ஓடையை மறித்து, நடுவில் இருக்கும் ஊரைக் கேட்காமல், திறக்கும் நேரத்தைக் கரண்டு விலை தீர்மானிக்கும் என்றால், அரசே வந்தாலும் வேண்டாம்.

ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்கள். ஒவ்வொரு மடைக்கும் ஊர் உண்டு, முறை உண்டு, சண்டையும் உண்டு. அதில் நாற்பத்தொன்பதாவதாக ஒருவர் வந்து மடை கேட்டால், முறையில் நில் என்போம். எங்களுக்குத் தெரிந்த நீர்ச் சட்டம் அவ்வளவுதான்.

27 ஜனவரி

நேற்று கிராம சபை. நீர்நிலைகளிலும் வரத்துக்கால்களிலும் யார் எந்தத் திட்டம் கொண்டுவந்தாலும் பாயும் ஊர்களைக் கேட்க வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கொண்டுபோனேன். படித்தேன். கை தட்டினார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து, "இதுல இறால் பண்ணையையும் சேத்துக்கலாமா அண்ணே?" என்றார்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. என்னைப் பார்த்தார்கள்.

இந்த மூன்று மாதத்தில் இங்கே எழுதாத ஒன்று இருக்கிறது. அந்தப் பழைய பண்ணை எப்போதோ போய்விட்டது. இப்போது அதே இடத்தில் இருப்பது வேறொருவர், அவர் பண்ணைக்குள் எங்கள் குடும்பப் பங்கு இரண்டு ஏக்கர் குத்தகையில் இருக்கிறது. என் தம்பி கொடுத்தது. நெல்லில் கிடைக்காத காசு. வருஷா வருஷம் என் பங்குக்கு வருவதை நானும் வாங்கியிருக்கிறேன். ஓடை இன்னும் அடைத்துத்தான் கிடக்கிறது.

சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். தலைவர் எழுதிக்கொண்டார்.

2 பிப்ரவரி

தீர்மானத்தின் நகல் கேட்டவர்களுக்கு, ஊராட்சியில் இன்னும் தட்டச்சு ஆகவில்லை.

என் தம்பிக்கு ஆளனுப்பி, ஆடிக்குள் ஓடையைத் திறக்காவிட்டால் குத்தகையைப் புதுப்பிக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நேற்றும் இன்றும் போன் செய்தேன். எடுக்கவில்லை.